கருவி தெரிந்து கட்டுக

கட்டடம் எழுப்பப் புகுந்தவன் கல்லையும் சுண்ணாம்பையும் ஆராய்ந்து வாங்குகின்றான். அவற்றுக்கும் முன்னதாக ஆராயத்தக்கவை கொத்தன் கையிலுள்ள தூக்குக்குண்டும் அளவுகோலும் ஆகும். தூக்குக்குண்டு பிழைபடின் சுவர் சாயும். சாய்ந்த சுவரைக் காண்போர் கல்லைக் குறை கூறுவரேயன்றிக் குண்டைக் குறை கூறார். கருவியின் குற்றம் பொருளின் குற்றம் போலத் தோன்றித் தன்னை மறைத்துக்கொள்ளுதல் எத்தொழிலிலும் காணப்படும் இயல்பு. இவ்வுண்மை கணினித் தொழிலில் எங்ஙனம் விளங்குகின்றது என்பதையும், அதனின்று நம் கல்லூரி மாணவர் கற்கத்தக்கது யாது என்பதையும் இந்த யூபிலி மலரிலே சிறிது ஆராய விழைகின்றேன்.

தமிழாசிரியன் ஒருவனுக்குக் கணினியின் அடித்தளத்தில் என்ன அலுவல் என்று வினவுவாரும் உளராகலாம். மூலபாடம், அதனைப் படியெடுப்போன், படியெடுக்குங் கருவி, படியில் நேரும் பிழை ஆகிய நான்கும் எமக்கு நெடுங்காலம் பழகியவை. கணினி நிரலை மூலத்திலிருந்து ஆக்குவோர் எதிர்கொள்ளும் வினாக்களும் இந்நான்கைப் பற்றியனவே. ஆதலின் இப்பொருளிற் சில சொற் கூற எமக்கும் உரிமையுண்டு.

கணினியில் நாம் பயன்படுத்தும் நிரல்கள், கோப்பைத் திறத்தல், நினைவகத்தில் இடங்கேட்டல், நேரம் அறிதல் முதலிய பொதுப் பணிகளைத் தாம்தாமே செய்துகொள்வதில்லை. அவற்றை ஏற்றுச் செய்தற்கென ஒரு பொது நூலகம் பணிசெயல் முறைமையில் அமைந்திருக்கும். லினக்ஸ் முறைமைகளுட் பெரும்பாலானவற்றில் அப்பணியைச் செய்வது குனூ சி நூலகம். 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டத்தின் பகுதியாக, அப்பத்தாண்டின் பிற்கூற்றில் ரொலன்ட் மக்கிராத் என்பவர் இதனை எழுதத் தொடங்கினார். இந்நாளில் ஏறத்தாழ ஆறு திங்களுக்கு ஒருமுறை இதன் புதிய பதிப்பு வெளிவருகின்றது. இதன் மூலநிரலுள் இலங்கைத் தமிழுக்கென்றே ஒரு தனிக்கோப்பும் உண்டு. திங்கட் பெயர், கிழமைப் பெயர், நாணயக் குறி, தேதி எழுதும் முறை முதலியன அதன்கண் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆகவே இது நமக்கு முற்றிலும் புறம்பான பொருளன்று.

இந்நூலகம் சி மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியை இயந்திரம் நேரே அறியாது. தொகுப்பி அதனை அசெம்பிளி மொழியாக்க, அசெம்பிளர் அதனை இயந்திரக் குறியாக்க, இணைப்பி துண்டங்களைப் பிணைக்க, எதன் பின் எதனைச் செய்வது என்பதை மேக் என்னும் கருவி ஒழுங்குபடுத்த, ஈற்றில் நூலகம் உருவாகின்றது. ஈண்டு ஒரு சிக்கல் எழுகின்றது. தொகுப்பியும் ஒரு நிரலே. அது இயங்குதற்கும் ஒரு நூலகம் வேண்டும். நூலகத்தை ஆக்கத் தொகுப்பி வேண்டும். தொகுப்பியை ஆக்க நூலகம் வேண்டும். விதை முந்திற்றோ மரம் முந்திற்றோ என்னும் வழக்கு இங்கே ஏட்டுச் சுரைக்காயாக நில்லாது அன்றாடக் கறியாகவே வந்துவிடுகின்றது.

இச்சிக்கலை அவிழ்க்கும் முறையை, ஜெராட் பீக்மன்ஸ் 1999ஆம் ஆண்டில் தொடங்கிய ‘லினக்ஸ் புறொம் ஸ்கிறாச்’ என்னும் கைந்நூல் படிப்படியாகக் கற்பிக்கின்றது. முதலில் அசெம்பிளரும் இணைப்பியும் அடங்கிய தொகுதி, அடுத்து நூலகத்தின் துணையின்றி ஆக்கப்படும் தற்காலிகத் தொகுப்பி, அதன்பின் கேர்னலின் தலைப்புக் கோப்புகள், அவற்றின்மேல் நூலகம், பின்னரே முழுமையான தொகுப்பி. இவ்வொழுங்குக்குக் காரணம் உண்டு. தொகுப்பியும் நூலகமும் தாம் கட்டப்படும்போது அசெம்பிளரையும் இணைப்பியையும் சோதித்துப் பார்த்து, அவற்றின் வல்லமைக்கேற்பத் தம் உறுப்புகளிற் சிலவற்றைக் கொள்ளவும் சிலவற்றைத் தள்ளவும் செய்கின்றன. பொருந்தாத இணைப்பி வாய்த்துவிடின் அக்கணத்தில் ஒரு குறையும் தோன்றாமலே வேலை நடக்கும். நெடுநேரங் கழிந்து, வேறோரிடத்தில், வேறொன்றின் பிழை போலக் குறை வெளிப்படும். தூக்குக்குண்டின் கதை இதுவே.

நிற்க. கருவி தேர்தலில் இரு கொள்கைகள் இளைஞரிடையே வழங்குகின்றன. புதியது யாதோ அதுவே நல்லது என்பது ஒன்று. கையிலிருப்பது யாதோ அதுவே போதும் என்பது மற்றொன்று. இரண்டும் சிந்தனைச் சோம்பலின் இரு முகங்கள் என்பது என் கருத்து. குனூ சி நூலகத்தின் ஆசிரியர்கள் மூலநிரலோடு ஒரு நிறுவற் குறிப்பையும் சேர்த்து வெளியிடுகின்றனர். வேண்டப்படும் கருவி ஒவ்வொன்றுக்கும் அதிலே கீழெல்லை ஒன்று கூறப்பட்டுள்ளது. 2024ஆம் ஆண்டின் 2.39ஆம் பதிப்பை எடுத்துக்கொண்டால் ஜிசிசி என்னும் தொகுப்பி 6.2 அல்லது அதற்கு மேற்பட்டதாகவும், மேக் 4.0 அல்லது அதற்கு மேற்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். அத்துடன் அப்பதிப்பு வெளிவந்த காலத்திற் சோதித்து நன்றெனக் கண்ட மிகப் புதிய தொகுப்பி இன்னது என்பதும் அக்குறிப்பிலேயே சொல்லப்படுகின்றது. தாழ்ந்த கரையும் உயர்ந்த கரையும் இவ்வாறு காட்டப்பட்டிருக்க, இடையே செல்லாது கரைமேல் ஏறிச் செல்வானேன்?

உயர்ந்த கரையைக் கடப்பதாற் கேடு என்ன எனின், கூறுவேன். இந்நூலகம் கட்டப்படும்போது தொகுப்பி விடுக்கும் எச்சரிக்கை ஒவ்வொன்றும் பிழையாகவே கொள்ளப்படும். எச்சரிக்கை தோன்றின் வேலை நின்றுவிடும். புதிய தொகுப்பி புதிய எச்சரிக்கைகளை அறியும். ஆகவே முன்னாளைய மூலநிரலைப் பின்னாளைய தொகுப்பியிடம் கொடுப்பின், மூலத்திற் குற்றம் இல்லாதவிடத்தும் வேலை தடைப்படலாம். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதே என்று கட்டளையிட்டு மேற்செல்ல வழியுண்டு. ஆயினும் எச்சரிப்பவன் சொல்லைக் கேளாமல் வாயை மட்டும் அடைப்பது அறிவுடையோர் செயலன்று. அவ்வாறே கேர்னலின் தலைப்புக் கோப்புகள் வேறொரு நெறிக்குரியன. அவை கணினியில் ஓடும் கேர்னலினும் புதியனவாக இருக்கலாம். இருப்பது நன்று என்றே அறிந்தோர் கூறுவர். ஒரு கருவிக்குப் புதுமை நலம். மற்றொன்றுக்குச் சோதிக்கப்பட்ட பழமை நலம். எதற்கு எது என்பதை அறிதற்குக் குறிப்பை வாசித்தலன்றிக் குறுக்கு வழி இல்லை.

இதுவரை கூறியது திறமை பற்றியது. இதனினும் பெரிதாகிய நம்பிக்கை பற்றி இனிக் கூறுவேன்.

யுனிக்ஸ் முறைமையை ஆக்கியோருள் ஒருவரான கென் தொம்சன், டெனிஸ் ரிச்சியோடு 1983ஆம் ஆண்டின் டியூறிங் விருதைப் பெற்றார். விருதேற்று அவர் ஆற்றிய உரை 1984ஆம் ஆண்டில் அச்சாயிற்று. தொகுப்பியினுள்ளே ஒரு கள்ளத்தை ஒளித்து வைக்க இயலும் என்பதை அவர் அதிற் காட்டினார். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் நிரலைத் தொகுக்கும்போதெல்லாம் அத்தொகுப்பி ஒரு கள்ளக் கதவைத் தானே வைத்துவிடும். தன் சொந்த மூலநிரலைத் தொகுக்கும்போது அக்கள்ளத்தைப் புதிய தொகுப்பியினுள்ளும் புகுத்திவிடும். அதன்பின் மூலநிரலை எத்துணை முறை வாசிப்பினும் கள்ளம் அகப்படாது. ஏனெனில் அது மூலத்தில் இல்லை, கருவியில் இருக்கின்றது. மூலம் தூயது என்று கண்டவுடன் படியும் தூயது என்று துணிதல் ஆகாது என்பதே அவ்வுரையின் சாரம்.

நாற்பது ஆண்டுகளின் பின் இதற்கு ஓர் உறவான நிகழ்ச்சி உலகறிய நடந்தது. கோப்புகளைச் சுருக்குதற்கு உதவும் எக்ஸ்-இசெட் என்னும் தொகுதியின் நூலகம் லினக்ஸ் முறைமைகளிற் பரவலாக வழங்குவது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த அதன் 5.6.0, 5.6.1 என்னும் இரு பதிப்புகளிற் கள்ளக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளாக அத்திட்டத்தில் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒரு கணக்கினூடாகவே அது புகுந்தது. யாவரும் பார்க்கும் களஞ்சியத்திலிருந்த மூலம் ஒன்று. வெளியீட்டுக்கெனப் பொதிந்து வழங்கப்பட்ட மூலம் மற்றொன்று. கட்டுமானத்தை நெறிப்படுத்தும் ஒரு கோப்பு பொதியிலே மட்டும் திரிக்கப்பட்டிருந்தது. சோதனைக்குரியவை என்று வைக்கப்பட்ட கோப்புகளினுள் ஒளிந்திருந்த நஞ்சை அது வெளிக்கொணர்ந்து நூலகத்தோடு பிணைத்தது.

இங்கே நாம் உற்றுநோக்க வேண்டுவது ஒன்றுண்டு. அக்கள்ளம் எங்கும் எழவில்லை. தன்னைக் கட்டுவது ஜிசிசி தொகுப்பிதானா, இணைப்பி குனூ இணைப்பிதானா, கட்டப்படுவது டெபியன் அல்லது ஆர்பிஎம் வகைப் பொதிதானா என்று முதலிற் சோதித்து, ஆம் எனக் கண்டவிடத்தே மட்டும் எழுந்தது. கருவிகளை ஆராய்ந்து பார்ப்பதில், கட்டுவோரினும் கள்வனே கருத்தாயிருந்தான் என்பது எத்துணை நாணத்தக்க செய்தி!

மற்றொரு செய்தி தமிழாசிரியராகிய எம் நெஞ்சை மிகவுந் தொட்டது. அதே தொகுதியைச் சீமேக் என்னும் வேறொரு கருவியாலும் கட்டலாம். அதற்குரிய கோப்பிலே, ஒரு காவல் வசதி கணினியில் உண்டோ என்று அறிதற்குச் சிறு சோதனை நிரல் ஒன்று இருந்தது. அதனுள் ஓர் ஒற்றைப் புள்ளி இடப்பட்டிருந்தது. புள்ளியினால் அச்சிறு நிரல் எங்கும் தொகுபடாது போயிற்று. தொகுபடாமையினால் காவல் வசதி இல்லை என்று முடிவாயிற்று. காவல் ஓசையின்றி நீங்கிற்று. ஒரு கருவியைத் தேர்ந்தவர்க்குக் கள்ளக் கதவு. மற்றதைத் தேர்ந்தவர்க்குக் காவல் நீக்கம். கருவியின் பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தவர் இருவரும் ஏமாந்தவரே.

புள்ளியின் வலிமையை நாம் அறிவோம். மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பது அதுவே. ஏட்டில் எழுதினோர் புள்ளியிடாது விட்டமையால் பதிப்பாசிரியர் பட்ட பாடும் நாம் அறிந்ததே. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சிட்டு உலகுக்கு அளித்தார்கள். பழைய நூல்களைப் பதிப்பித்த அப்பெரியார் போன்றோர் ஓரேட்டை மட்டும் நம்பி அமைந்தாரல்லர். வெவ்வேறிடத்து ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினர். ஒன்று பிழைத்தவிடத்தில் மற்றொன்று காட்டிக் கொடுத்தது. இந்த ஒப்புநோக்குதலே கணினித் தொழிலிலும் மருந்தாக வந்துள்ளது.

ஒரே மூலத்தை ஒரே கருவியால் இருவர் தனித்தனியே கட்டினால், விளைவு இரண்டும் இம்மியும் பிசகாது ஒத்திருத்தல் வேண்டும். கட்டிய நேரம், கட்டிய இடத்தின் பெயர், கோப்புகள் அடுக்கப்பட்ட வரிசை முதலிய தற்செயல்கள் விளைவினுட் புகுந்துவிடுவதால் அவ்வாறு ஒத்திருப்பது அரிதாயிருந்தது. 2013ஆம் ஆண்டு தொடங்கி டெபியன் திட்டத்தினர் அத்தற்செயல்களை ஒவ்வொன்றாகக் களைந்து வருகின்றனர். தொம்சன் எழுப்பிய ஐயத்துக்கு டேவிட் வீலர் என்பவர் 2005ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகள் விடை கூறின. ஐயத்துக்குரிய தொகுப்பியின் மூலத்தை, வேறு கையினர் ஆக்கிய மற்றொரு தொகுப்பியாற் கட்டுக. அதனைக்கொண்டு அம்மூலத்தை மீண்டும் கட்டுக. ஈற்றில் வந்ததை முன்னையதோடு ஒப்பிடுக என்பது அவர் காட்டிய வழி. குயிக்ஸ் என்னும் திட்டத்தினர் 2023ஆம் ஆண்டில் இன்னும் ஆழமாகச் சென்றனர். 357 பைட்டு அளவேயுள்ள ஒரு சிறு நிரலை வித்தாக வைத்து, அதிலிருந்து படிப்படியாகத் தொகுப்பிகளை வளர்த்து, 22,000க்கு மேற்பட்ட பொதிகளை அதன்மேல் நிறுத்தினர். வழிநடத்தும் கருவியும் கேர்னலும் அப்பொழுது ஆயத்தமாகவே பெறப்பட்டன எனினும் இது பெருஞ் செயலே. இவ்வேணியிலே பழைய தொகுப்பிகள் வேண்டியே வைக்கப்பட்டுள்ளன. ஜிசிசி 4.8ஆம் பதிப்பு முதல் தன்னைக் கட்டுதற்குச் சி++ தொகுப்பியைக் கேட்கின்றது. சி மொழி மட்டும் அறிந்த கருவி கையிலுள்ளபோது அதற்கு முற்பட்ட பதிப்பே படியாக உதவும். பழமையைத் தேர்தலும் காரணத்தோடு கூடியவிடத்து அறிவாகின்றது.

இவற்றால் யான் துணிவன ஐந்து. முதலாவது, நூலகம் கேட்கும் கருவியைக் கொடுக்க வேண்டும். நமக்கு விருப்பமானதைத் திணித்தல் கூடாது. இரண்டாவது, கருவியும் மூலமும் எங்கிருந்து வந்தன என்பதை அறியவும், கையொப்பத்தைச் சரிபார்க்கவும், பொதியைக் களஞ்சியத்தோடு ஒப்பிடவும் வேண்டும். மூன்றாவது, ஒருமுறை கட்டியதோடு அமையாது பிறிதொரு கணினியிலும் கட்டி ஒத்திருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். நான்காவது, ஆசிரியர்கள் உடன்வைத்த சோதனைகளை முற்ற ஓடவிட்டு, எதிர்பாராத தோல்வி தோன்றின் காரணம் தெளியும்வரை அந்நூலகத்தைப் பயன்படுத்தாது விட வேண்டும். ஐந்தாவது, குடியிருக்கும் வீட்டின் அத்திவாரத்தைப் பெயர்க்கலாகாது. அன்றாடம் வழங்கும் கணினியின் முதன்மை நூலகத்தைச் சொந்தக் கட்டுமானத்தால் மாற்றப் புகுவது, ஒரு பிழையாலே கணினி முழுவதையும் முடக்கிவிடும். தனி அடைவில், தனிக் கணினியில் முயல்வதே முறை.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஆயத்தமாகக் கிடைப்பதை எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பார்க்கு யான் மாறுபடவில்லை. அன்றாட வேலைக்கு ஆயத்தப் பொதியே தக்கது. அதனை ஆக்குவோர் நம்மினும் பன்மடங்கு அனுபவமும் சோதனை வசதியும் உடையர். எனினும் எல்லாரும் ஆயத்தச் சோறே உண்போராகி, உலையேற்றத் தெரிந்தவர் ஒருவருமில்லாத ஊர் ஊராகுமோ? எக்ஸ்-இசெட் கள்ளம் எவ்வாறு பிடிபட்டது? அன்ட்ரேஸ் புரொயின்ட் என்னும் நிரலாளர், தம் கணினியிற் புகுபதிகை ஏறத்தாழ அரைவினாடி தாமதிப்பதைக் கண்டார். அரைவினாடிதானே என்று விட்டுவிடாது தோண்டித் துருவினார். 2024ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். அடித்தளத்தை அறிந்தவர் ஒருவர் இருந்தமையால், அக்கள்ளம் நிலைபெற்ற பதிப்புகளிற் பரவுமுன் தடுக்கப்பட்டது.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர் பைதனில் நிரலெழுதக் கற்கின்றனர். தொகுப்பி என்பதன் வரைவிலக்கணத்தையும் மனனஞ் செய்கின்றனர். ஒரு தொகுப்பியை ஆராய்ந்து தேர்ந்து, அதனைக்கொண்டு ஒரு நூலகத்தைக் கட்டிப் பார்த்தவர் அவர்களுள் எத்துணைப் பேர்? இலக்கண நூற்பாவை ஒப்புவித்து, ஒரு வாக்கியமும் எழுதியறியாத மாணவனை நாம் புலவன் என்போமா? யூபிலிக் காலங்களிற் பழைய மாணவர் மனமுவந்து நிதி அளிப்பதும், அந்நிதியிற் புதிய கணினிகள் வாங்குவதும் கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டன. புதிய கணினிகளை யான் வேண்டாவென்று கூறவில்லை. அவற்றுள் இரண்டின் விலையைக் குறைத்து, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினிகள் சிலவற்றை ஓர் அறையில் வையுங்கள் என்றே கேட்கின்றேன். கெட்டாலும் கவலையில்லாத கணினியிலேதான் மாணவன் அஞ்சாது கற்பான்.

அவ்வறையிலே முதலாண்டு மாணவர் மசல் என்னும் சிறு நூலகத்தைக் கட்டட்டும். 2011ஆம் ஆண்டில் வெளிவந்த அது ஒரு சி தொகுப்பியையும் மேக்கையும் தவிர அதிகங் கேளாது. ஓர் இளைஞன் பொறுமையோடு வாசித்து முடிக்கத்தக்க அளவினது. அடுத்த ஆண்டிலே குனூ சி நூலகத்தைக் கட்டட்டும். எக்கருவியை ஏன் தேர்ந்தோம், எச்சோதனை தோற்றது, அதன் காரணம் யாது என்பவற்றைத் தமிழிலே ஒரு பேரேட்டில் எழுதி வைக்கட்டும். இரு குழுவினர் தனித்தனியே கட்டி ஒப்புநோக்கட்டும். அந்நூலகத்தின் இலங்கைத் தமிழ்க் கோப்பை எம் தமிழ் வகுப்பிலே சொல்லுக்குச் சொல் வாசிப்போம். திருத்தத்தக்கது உண்டெனின், அதனைத் திருத்தி, மீண்டும் தொகுத்து, பயன் கண்டு, உரிய ஆசிரியர்களுக்கு முறைப்படி அனுப்பும் வல்லமை நம் மாணவர்க்கு வேண்டாவோ? நம் மொழியின் கிழமைப் பெயர்களைக் கணினி எவ்வாறு எழுத வேண்டும் என்பதைப் பிறர் பார்த்துக்கொள்வர் என்று இருப்பது நமக்கு அழகன்று.

பழைய மாணவர்களே, உங்களுட் பலர் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் இத்துறையிற் சிறந்து விளங்குகின்றீர்கள். பணத்தினும் அரியதொன்றை உங்களிடம் வேண்டுகின்றோம். விடுமுறைக்கு ஊர் வரும்போது ஒரு நாள் முழுவதும் அவ்வறையில் மாணவரோடு அமருங்கள். ஒரு நூலகம் மூலத்திலிருந்து எழுவதை அவர்களோடு சேர்ந்து காணுங்கள். தடைப்பட்டவிடத்தில் விடையை உடனே கூறிவிடாது, வாசிக்க வேண்டிய குறிப்பை மட்டும் சுட்டுங்கள். மாணவர்களே, நீங்களும் எக்கருவியையும் கையில் எடுக்குமுன் இதை ஆக்கியவர் யார், இது எதனால் ஆக்கப்பட்டது, இதனைச் சோதித்தவர் யார் என்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். திருவள்ளுவனார் தெரிந்து தெளிதலை 51ஆம் அதிகாரமாகவும், தெரிந்து வினையாடலை அதன் பின்னாகவும் வைத்த முறையை எண்ணிப் பாருங்கள். தெளிவு முன்னாகவும் வினை பின்னாகவும் நடக்குமாயின், நம் கல்லூரியினின்று புறப்படுவோர் பிறர் கட்டியதில் ஒதுங்கியிருப்போராக மட்டும் அமையார். அத்திவாரம் அறிந்து கட்டுவோராகவும் விளங்குவர்.